காத்திருக்கும் முழங்கால்

மூட்டுத் தேய்மானம் ஒருவரை எந்த அளவுக்கு முடக்கியிருக்கிறது என்று அறிய, உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. 1982-ல் கனடாவில் உருவானது. வோமாக் என்று பெயர். மொத்தம் 24 கேள்விகள். வலி பற்றி 5, மூட்டு இறுகிப்போவது பற்றி 2, மீதி 17-ம் அன்றாட வேலைகள் பற்றியவை. படி இறங்கும்போது எவ்வளவு சிரமம்? காரில் ஏறி இறங்கும்போது? காலுறை மாட்டும்போது? குளியல் தொட்டிக்குள் கால் வைக்கும்போது?

பெருந்துறைப் பக்கம் ஏதாவதொரு தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் அறுபத்தைந்து வயது ஆத்தாவிடம் இந்தத் தாளை நீட்டினால், பல கேள்விகளுக்கு அவரிடம் பதிலே இருக்காது. காலுறை அவர் போட்டதில்லை. விடிவதற்கு முன்பே மாட்டு மடிக்குக் கீழே குத்தவைத்து உட்காருவதில்தான் அவருடைய நாள் தொடங்குகிறது. சொசைட்டியில் பால் எடுக்கும் நேரத்துக்குள் கறந்தாக வேண்டும். பிறகு சாணி வழிப்பது, வாசல் கூட்டுவது, கடலைக்காய் ஆய்வது, தை மாசி வந்தால் வெட்டிப்போட்ட மஞ்சளைப் பொறுக்குவது என்று எல்லாம் தரையோடு தரையாகச் செய்யும் வேலை. பவானியில் ஜமக்காளம் நெய்பவர் குழித்தறிக்குள் கால்களை இறக்கி, மிதிகட்டையை நாளெல்லாம் மாற்றி மாற்றி மிதிக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்கள் நின்றபடியே ஷிப்டை முடிக்கிறார்கள். நோம்பி வந்தால் சென்னிமலை முருகனைப் பார்க்க 1,320 படிகள். இங்குள்ள முழங்காலை அளக்க இங்குள்ள வேலைகளைத்தான் கேட்க வேண்டும். புனேயில் உள்ள வாதநோய் மையம் இதை உணர்ந்து வோமாக்கை இந்தியப் பழக்கவழக்கங்களுக்கு ஏற்ப மாற்றி அமைத்தது.

கேள்வி எதற்கு, எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடாதா என்று தோன்றும். தெரியாது என்பதுதான் இந்த நோயின் விந்தை. எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி முற்றிலும் அடைத்துப்போன ஒருவர் சந்தைக்கு நடந்து போய்வருவார். லேசான தேய்மானம் உள்ள இன்னொருவர் ராத்திரி வலியில் புரண்டுகொண்டிருப்பார். காரணம், தேய்கிற பொருளுக்கு வலி தெரியாது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. அதன் எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர். காலை ஊன்றும்போது பஞ்சைப் பிழிந்ததுபோல அந்த நீர் கொஞ்சம் வெளியேறும். எடுக்கும்போது மூட்டுத் திரவத்திலிருந்து சத்துகளோடு திரும்ப உள்ளே வரும். நடப்பதுதான் அதற்குச் சாப்பாடு. உடலிலேயே தடித்த குருத்தெலும்பு முட்டிச் சில்லின் பின்புறம் இருக்கிறது. அதற்கே தடிமன் சில மில்லிமீட்டர்தான். இரண்டு குருத்தெலும்புப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது உண்டாகும் உராய்வு, பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி நழுவுவதைவிடவும் குறைவு. அப்படி ஒரு வழவழப்பை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் முழுதாக உருவாக்கவில்லை.

அது தேய்ந்தபின் அடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சுற்றிய சவ்வும் உறையும் சுமையை நேரடியாக உணர்கின்றன. இவற்றில்தான் நரம்புகள் நிறைந்திருக்கின்றன. அந்தச் சுமை எவ்வளவு என்று பெர்லினில் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் நேராகவே அளந்தார்கள். செயற்கை மூட்டுக்குள்ளேயே உணர்கருவியைப் பொதித்து, நோயாளி நடக்க நடக்க அது வானலையில் அனுப்பிய எண்களைப் பதிவுசெய்தார்கள். 2010-ல் வெளிவந்த முடிவின்படி, சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் தாங்குவது உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவரின் முழங்காலில், கோயில் படி இறங்கும் ஒவ்வோர் அடிக்கும் 200 கிலோவுக்கு மேல் விழுகிறது. “ஏறிப்போடறனுங்க, எறங்கறதுதான் முடியறதில்லீங்க” என்று இங்கே சொல்வார்களே, அதில் மிகை ஒன்றும் இல்லை.

எனக்கு இதைவிடவும் வியப்பூட்டுவது தொடைத் தசையின் கதை. முட்டி வீங்கியவர்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசை விரைவில் சூம்பிவிடும். வலிக்குப் பயந்து காலை அசைக்காததால்தான் அப்படி ஆகிறது என்றே நினைப்போம். ஆனால் நல்ல ஆரோக்கியமான முழங்காலுக்குள் உப்புநீரை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். வலியே இல்லை. இருந்தும் 20, 30 மில்லிலிட்டர், அதாவது நான்கு முதல் ஆறு தேக்கரண்டி, உள்ளே போனதுமே தொடைத் தசையின் உட்பகுதி சுணங்கிவிட்டது. மூட்டு உறை விரிவதை அங்குள்ள நரம்பு முனைகள் தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. தண்டுவடம் தசைக்குப் போகும் கட்டளையைப் பாதியில் தடுத்துவிடுகிறது. மனம் எவ்வளவு முயன்றாலும் தசை முழு பலத்தைக் காட்டாது. பலம் குறைந்த தசையால் அதிர்ச்சியைத் தாங்க முடியாது, அடி நேராக மூட்டில் விழும், வீக்கம் கூடும், தசை இன்னும் தளரும். படியில் திடீரென்று முட்டி மடிந்து விழப்போனவரைப் பார்த்து “பயந்துக்கறாங்க” என்று வீட்டார் சொல்வது அநியாயம். அது அவருடைய தண்டுவடம் எடுத்த முடிவு.

இந்தச் சுழலில்தான் மூட்டு மாற்று அறுவைக்கான காத்திருப்பு நடக்கிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் அரசு மருத்துவமனைப் பட்டியலில் பெயர் ஏறிய நாள் முதல் அறுவை நாள் வரை எத்தனை வாரம் என்று கணக்கு வைக்கிறார்கள். அதனால் அங்கே காத்திருப்போரின் வாழ்க்கையை ஆராய முடிகிறது. கோவையில் பணம் இருந்தால் அவினாசி சாலையிலோ மேட்டுப்பாளையம் சாலையிலோ உள்ள பெரிய மருத்துவமனையில் அதிக நாள் காத்திருக்காமலே முழங்காலை மாற்றிக்கொள்ளலாம். நம்முடைய வரிசை மருத்துவமனையில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. மஞ்சள் வித்து முடியட்டும். பேத்திக்குச் சீர் முடியட்டும். பையனுக்கு லீவு கிடைக்கட்டும். சர்க்கரை இறங்கட்டும். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கட்டும். இப்படியே ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு போகிறது. அதை எந்தப் பதிவேடும் எண்ணவில்லை.

செலவு இந்த வரிசையை எவ்வளவு நீட்டியது என்பதற்கு ஒரு தேதி போதும். 2017 ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்காலுக்கு விலை வரம்பு வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை, அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு நோயாளியின் தலையில் விழுந்தது, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டிலும் மூட்டு மாற்று உண்டு. ஆனாலும் அட்டை கையில் இருந்தும் போகாதவர்கள் நிறைய. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது ஊருக்குள் பத்து வீடு ஏறி இறங்கினால் தெரியும். மெல்போர்னில் காத்திருப்போரை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட கட்டுரையும் இதையே சொன்னது: வாழ்க்கைத் தரம் மிக மோசமாகச் சிதைந்திருந்தது பெண்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும்தான்.

வாழ்க்கைத் தரத்தை எண்ணால் எப்படி அளப்பது? இகியூ-5டி என்ற கேள்வித்தாள் ஐந்தே விஷயங்களைக் கேட்கிறது: நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, வழக்கமான அலுவல், வலி, மனக்கவலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள் உள்ள வடிவத்தில் மொத்தம் 3,125 உடல்நிலைகள் வரும். பொதுமக்களிடம் ஒரு கடினமான கேள்வியைக் கேட்டு இவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்: இந்த நிலையில் பத்தாண்டு வாழ்வீர்களா, முழு நலத்தோடு அதைவிடக் குறைவான காலம் வாழ்வீர்களா? ஆறு ஆண்டு நலமே போதும் என்று ஒருவர் சொன்னால், அந்த நிலைக்கு 0.6. முழு நலத்துக்கு 1, இறப்புக்கு 0. சில நிலைகளைப் பற்றிக் கேட்டால், அப்படி வாழ்வதைவிடப் போய்விடலாம் என்கிறார்கள். அவை பூஜ்யத்துக்குக் கீழே போகின்றன. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனம் நடத்திய ஆய்வில் 3,548 இந்தியர்களிடம் கேட்டு நம் நாட்டுக்கான மதிப்புகள் 2022-ல் வெளியாயின. அதில் மிக மோசமான நிலையின் மதிப்பு மைனஸ் 0.923.

எடின்பர்க் மருத்துவர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களை இப்படிக் கணக்கிட்டார்கள். இடுப்பு மூட்டுக்குக் காத்திருந்தவர்களில் 19 விழுக்காட்டினரும், முழங்காலுக்குக் காத்திருந்தவர்களில் 12 விழுக்காட்டினரும் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தார்கள். கொரோனாவில் அறுவை அரங்குகள் மூடிக்கிடந்தபின் 2021-ல் வெளிவந்த பிரிட்டன் கணக்கில் அது 35, 22 என்று ஏறியது. இறப்புக்கும் கீழே என்று மக்களே மதிப்பிட்ட வாழ்க்கையை, உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோயால் மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். “மூட்டு வலிதானே, வயசானா வரும்” என்று நாம் எளிதாகச் சொல்லிக் கடக்கும் வாக்கியத்தின் மறுபக்கம் இது.

காத்திருப்பது உடலைக் கெடுக்குமா? நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2009-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 180 நாளுக்கு உட்பட்ட காத்திருப்பில் வலியும் இயக்கமும் சராசரியாக மோசமாகவில்லை என்று கண்டார்கள். ஆறு மாதம் தள்ளிப்போவதற்காக யாரும் கலங்க வேண்டியதில்லை. ஆனால் நம் வரிசையின் நீளம் வேறு. மான்ட்ரியாலிலும் பாஸ்டனிலும் நடந்த ஆய்வு, எந்த நிலையில் அறுவைக்குப் போகிறோம் என்பது முடிவை நிர்ணயிப்பதைக் காட்டியது. மிகவும் முடங்கிய பிறகு அறுவை செய்துகொண்டவர்கள், இரண்டு ஆண்டு கழித்தும் முன்னதாகச் செய்துகொண்டவர்களை எட்டவில்லை. தேய்ந்த எலும்பு முனையை மருத்துவர் மாற்றித் தரலாம். பத்தாண்டாகச் சூம்பிய தசையை அவர் மாற்ற முடியாது.

அதனால் காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியது இருக்கிறது. முதலில் தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, சில நொடி நிறுத்தி, மெல்ல இறக்குவது போன்ற பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். பிறகு எடை. அமெரிக்காவின் வட கரோலினாவில் முட்டித் தேய்மானம் உள்ள பருமனானவர்களை அளந்தபோது, உடலில் ஒரு கிலோ குறைந்தால் முழங்காலில் ஒவ்வோர் அடிக்கும் நான்கு கிலோ குறைவது தெரிந்தது. அடுத்து, கைத்தடி. பெரும்பாலோர் அதை வலிக்கிற பக்கத்துக் கையில் பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். வலது கால் ஊன்றியிருக்கும்போது உடல் இடப்பக்கம் சாயப் பார்க்கும். அதைத் தாங்கி நிறுத்தும் இடுப்புத் தசை இடுப்பு மூட்டுக்கு மிக அருகே இருப்பதால், உடல் எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்பும் சேர்ந்து மூட்டை அழுத்தும். இடது கையில் உள்ள தடி மூட்டிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கே கொடுக்கும் சிறிய ஊன்றலே தசையின் வேலையைப் பெருமளவு குறைக்கிறது. முழங்காலின் உட்பக்கச் சுமையும் இதனால் இறங்குகிறது. நெம்புகோல் கணக்குதான், மருந்தில்லாமல், செலவில்லாமல்.

சந்தையில் பெயரில்லாத பொட்டலத்தில் கிடைக்கும் வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலியவைக்கும். மூட்டுக்குள் மருத்துவரே போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் அறுவைக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும், இல்லையென்றால் கிருமித் தொற்று வாய்ப்பு கூடும். சொத்தைப் பல் இருந்தால் அதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டுக்கே பிசியோதெரபியும் வருகிறது. தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் கையில் இகியூ-5டியின் ஐந்து கேள்விகளையும், குத்தவைத்து எழ முடிகிறதா என்ற ஆறாவது கேள்வியையும் கொடுத்தால் ஒரு வீட்டுக்குச் சில நிமிடம்தான் ஆகும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் எத்தனை முழங்கால்கள் காத்திருக்கின்றன, அவற்றில் எவை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கின்றன என்ற பட்டியல் அப்போது முதல்முறையாகக் கிடைக்கும். அதில் கடைசியில் இருப்பவரை முதலில் கூப்பிடலாம்.