பயன்பட்ட ஊசியும் பாதுகாப்பும்

நோய் தீர்க்கும் ஊசி, தன் வேலை முடிந்தபின் நோய் பரப்பும் கருவியாக மாறக்கூடும். மருத்துவம் பயிற்றும் பல்கலைக் கழகங்களில் மாணவர் இரத்தம் எடுக்கப் பழகும் அறை, ஆராய்ச்சிக் கூடம், பல் மருத்துவப் பகுதி ஆகிய இடங்களில் ஊசி, அறுவைக் கத்தி, உடைந்த கண்ணாடிக் குழாய் முதலியன நாள்தோறும் சேருகின்றன. இவற்றைக் கூர்மைக் கழிவுகள் என்பர்.

இவற்றால் விளையும் கேடு யாது? ஊசியில் எஞ்சிய சிறு துளி இரத்தமும் கிருமியை உடலுக்குள் செலுத்திவிடும். தடுப்பூசி போடாத ஒருவரை ஹெப்படைட்டிஸ் பி கிருமியுள்ள ஊசி குத்தினால், அது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை உண்டு. எச்.ஐ.வி. கிருமியாயின் ஆயிரத்துக்கு 3 அளவாகும். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்கு இன்னும் இல்லை.

இவ்விபத்துகளுட் பல, பயன்பட்ட ஊசிக்கு மீண்டும் மூடியிட முயலும்போது நேர்வன. குறி சற்றே தவறினாலும் முனை விரலில் பாய்ந்துவிடும். ஆதலின் ஊசியை மூடலாகாது. வளைத்தலும் ஒடித்தலும் ஆகா. மருந்துக் குழலோடு அப்படியே, ஊசி துளைக்க முடியாத கடினமான மஞ்சள் பெட்டியில் உடனே இடவேண்டும். பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் நன்று. முக்கால் பங்கு நிறைந்ததும் அதனை மூடிவிட வேண்டும், திணித்தல் கூடாது.

மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகள், மருத்துவக் கழிவுகளை எஸ்.டபிள்யூ. 404 என்னும் குறியீட்டில் அடக்குகின்றன. எனவே அவற்றைச் சாதாரணக் குப்பையில் கொட்டுதல் சட்டப்படி தவறு. உரிமம் பெற்ற நிலையங்களில் 850 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரித்து அழிப்பது ஏற்ற முறையாகும்.

ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிழியாமல், ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, அப்போதே பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினாலன்றிப் பயனில்லை. முந்துமளவு நன்மை மிகும். திட்டுக்கு அஞ்சி மறைத்தல் பேதைமை.

ஊசியைப் பிடித்தவருக்கு அது யாருடைய இரத்தம் என்பது தெரியும். மறுநாட் காலை குப்பைப் பையைத் தூக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கோ அது தெரியாது. பையினுள் கிடந்த ஊசி அவரைக் குத்தினால், மருத்துவர் எவருடைய இரத்தத்தைச் சோதிப்பார்? அத்தொழிலாளி தம் இரத்தத்தைப் பன்முறை சோதித்துப் பல வாரம் கலங்கியிருக்க நேரும். ஆகவே, ஊசியை எடுத்தவரே அதனைப் பெட்டியில் இடவேண்டும். பிறர் கைக்கு அதை விட்டுச் செல்லலாகாது. மருத்துவம் பயில்வோர் முதல் நாளிலேயே கற்கவேண்டிய பாடம் இதுவே.