பாரலாச்சாவில் பனி பெய்தால்...

மணாலியிலிருந்து ரோதாங் வழியாக லே வரை சுமார் 470 கிலோமீட்டர் மலைச்சாலை. அதைச் சைக்கிளில் கடக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கணவாய்களின் உயரத்தைத்தான். ரோதாங் 3,978 மீட்டர். பாரலாச்சா லா ஏறத்தாழ 4,900. லாச்சுலுங் லா 5,000-ஐத் தாண்டும். தங்லங் லா 5,300-க்கும் மேல். பல மாதம் பயிற்சி எடுத்த கால்கள் இந்த ஏற்றங்களை மெதுவாகவேனும் ஏறிவிடும். ஆனால் வானத்தோடு மல்லுக்கட்ட எந்தப் பயிற்சியும் உதவாது. ஒரு செப்டம்பரில் நண்பர்களோடு அந்தச் சாலையில் மிதித்துப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே போகும் குழு முதலில் பழக வேண்டியது, நிற்பதற்குத்தான்.

ஒரே சாலை, இரண்டு வானம்

ரோதாங்குக்குத் தெற்கே தேவதாரு மரங்கள், சேறு, மண்சரிவு. பருவமேகங்கள் இமயத்தின் தென்சரிவிலேயே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடுவதால், கணவாயைத் தாண்டியதும் லாஹௌல் பள்ளத்தாக்கு வறண்டு கிடக்கிறது. அதற்காக அங்கே மழைக்கோட்டை மூட்டை கட்டிவிட முடியாது. 2010 ஆகஸ்டில் லே நகரத்தில் ஓர் இரவு மேகம் வெடித்துப் பெய்த மழையிலும் சேற்று வெள்ளத்திலும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செடிகொடி இல்லாத சரிவில் தண்ணீரைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. பெய்த மழை மொத்தமும் மண்ணோடு இறங்கிவிடும். கூடாரம் அடிக்க மணல் பரவிய ஓடைப்படுகைதான் மெத்தென்று கண்ணில் படும். அங்கே மட்டும் படுக்கவே கூடாது.

ஜிங்ஜிங்பாரில் ஓர் இரவு

பாரலாச்சா ஏற்றத்துக்கு முன்னால், 4,200 மீட்டர் உயரத்தையொட்டி இருக்கிறது ஜிங்ஜிங்பார். பிற்பகலில் மேகம் இறங்கியது. முதலில் ஆலங்கட்டி போலப் பொடிப்பொடியாக விழுந்தது, இருட்டுவதற்குள் பனியாகிவிட்டது. கல் தரையில் முளை இறங்கவில்லை. கூடாரக் கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றி இறுக்கினோம். சைக்கிள்களைப் படுக்கவைத்து, அவற்றோடும் ஒரு கயிற்றைக் கட்டினோம்.

குளிருக்குப் பயந்து கூடாரத்தை முழுக்க மூடினால், நாம் விடும் மூச்சே உள்துணியில் படிந்து உறைந்து, விடியும்போது முகத்தில் சொட்டும். அதனால் காற்றுத் துவாரம் திறந்தேதான் இருக்க வேண்டும். அடுப்பை உள்ளே பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும். மேலே சேரும் பனியை அவ்வப்போது உள்ளிருந்து தட்டிவிட்டோம். தண்ணீர் பாட்டில் உறையாமலிருக்க ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டோம். பாலித்தீன் பைக்குள் இருந்த உலர்ந்த உடுப்பு ஒரு ஜோடி, படுக்கும்போது மட்டும். காலையில் அதைக் கழற்றிவிட்டு, ஈரம் விறைத்த சட்டையை மறுபடி மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும். எத்தனை கடுப்பாக இருந்தாலும் அந்த ஒரு ஜோடியை நனையவிடக் கூடாது.

நள்ளிரவுக்கு மேல் பக்கத்துக் கூடாரத்திலிருந்து குரல் வந்தது: “மச்சான், லேசா தலை வலிக்குதுடா.”

அந்த உயரத்தில் தலைவலியை லேசு என்று விட்டுவிட முடியாது. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்கிறது மலை மருத்துவம். தலைவலி இருந்தால் மேலே ஏறக் கூடாது. கூடினால் உடனே இறங்க வேண்டும். மறுநாள் அங்கேயே தங்குவது என்று இருட்டிலேயே முடிவாகிவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பகலெல்லாம் பாரசூட் துணிக் கூடாரக் கடையில் சூடான மேகியும் டீயுமாக உட்கார்ந்திருந்தோம். மாலைக்குள் அவன் தலைவலி விட்டது, வானமும் வெளுத்தது.

காலையின் அருமை

விடிந்ததும் ஏறினோம். கணவாய்க்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் ஏரி. பாகா நதி இங்கே பிறந்து, தாண்டி என்ற இடத்தில் சந்திரா நதியோடு கூடி, செனாப் என்று பெயர் பெறுகிறது. ஏரிக் கரையெல்லாம் புதுப்பனி.

அதிகாலையில் கிளம்பியதன் பலன், கணவாயைத் தாண்டிச் சர்ச்சுவை நோக்கி இறங்கும்போது கிடைத்தது. சாலையை அறுத்து ஓடும் பனியுருகு ஓடைகள் இரவுக் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் முழங்காலைத் தொடும். நாங்கள் கணுக்கால் நீரில் சைக்கிளுக்கு இருவராகத் தூக்கிக் கடந்தோம். இறக்கத்தில் ஈரமும் மணலும் பிரேக் கட்டைகளைத் தேய்த்தன. விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாதென்பதால், அடிக்கடி நின்று கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றினோம். ஒருவர் நிற்கச் சொன்னால் எல்லோரும் நின்றோம்.

இந்தச் சாலையில் என்னை மிகவும் பயமுறுத்துவது, லேயிலிருந்து ஊர் திரும்பப் போட்டுவைத்த விமான டிக்கெட்தான். நாள் நெருக்கிப் போட்ட டிக்கெட், பனியிலும் ஏறு ஏறு என்று விரட்டும். தலைவலியை மறைக்கச் சொல்லும். கிளம்பத் திட்டமிடும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: திட்டத்தில் சும்மா இருப்பதற்கென்றே சில நாட்களை ஒதுக்குங்கள். யார் வேண்டுமானாலும் பயணத்தை நிறுத்தலாம், காரணம் கேட்க மாட்டோம் என்று மணாலியிலேயே பேசி முடித்துவிடுங்கள். பனிக்கொட்டலில் நடுங்கிக்கொண்டு அந்தப் பேச்சை எடுத்தால், வீராப்புதான் ஜெயிக்கும்.