கன்ரனியர் கஞ்சிக்கடை

கஞ்சி நோயாளிக்கும் வறியவனுக்கும் உரிய உணவு என்று எண்ணுவது நம்மவரிடையே உள்ள வழக்கம். விருந்தினனுக்குக் கஞ்சி வார்த்தான் என்றால் அது புகழ்ச்சியாகாது; வசையாகவே கொள்ளப்படும். ஆனால் சீன தேசத்தின் தென்கரையில், முத்தாற்றின் கழிமுகத்தை அண்டி வாழும் கன்ரனிய மக்களிடையே கஞ்சிக்கு வேறொரு நிலை உண்டு. கஞ்சியையே முதலாகக் கொண்டு கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய குடும்பங்கள் அங்கே பல. மூட்டை சுமப்பவனும் வங்கி உத்தியோகத்தனும் அக்கடையில் ஒரே மேசையில் அமர்ந்து உண்பர். எளிய உணவொன்று இத்தகைய மதிப்பைப் பெற்றது எவ்வாறு என்பதை ஆராய்வது பயனுடைய முயற்சியாகும்.

முதலிற் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். ஆங்கிலத்தில் இவ்வுணவைக் 'கொஞ்ஜி' என்பர். அது சீனச் சொல்லன்று. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் கஞ்சியே அது. பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கரைகளுக்கு வந்த போர்த்துக்கேயர் இச்சொல்லைக் 'கன்ஜ' எனத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563 ஆம் ஆண்டில் அங்கு அச்சிட்ட மருந்து நூலில் இச்சொல் காணப்படுகின்றது. இன்றும் போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் கோழியிறைச்சியும் அரிசியும் இட்டுக் காய்ச்சும் சாற்றுக்கு அதுவே பெயர். பின்னர் ஆங்கிலேயரும் அச்சொல்லைக் கைக்கொண்டனர். ஆகவே ஹொங்கொங் கடைகளின் ஆங்கில விலைப்பட்டியலில் எழுதப்பட்டிருப்பது நம் வீட்டுச் சொல்லே. கன்ரனியர் தம் மொழியில் வழங்கும் பெயரோ 'ஜுக்' என்பது.

இனிக் கடையைக் காண்போம். ஹொங்கொங்கிலும், மேனாட்டார் கன்ரன் என அழைத்த குவாங்சௌ நகரிலும் இத்தகைய கடைகள் மிகுதி. இடம் பெரும்பாலும் சிறியது. பெரிய பாத்திரத்திற் கஞ்சி ஓயாது கொதித்துக்கொண்டிருக்கும். உணவுகளின் பெயரும் விலையும் எழுதிய தாள்கள் சுவரை நிறைத்திருக்கும். முதுகு சாயாத சிறு ஆசனங்களே இருக்கை. தனியாக வருபவர் தனி மேசையை எதிர்பார்ப்பதில்லை. முன்பின் அறியாதவர் அமர்ந்திருக்கும் மேசையிலேயே இடம் பெறுவர். இதற்கு 'மேசை சேர்தல்' எனப் பொருள்படும் பெயரொன்றும் வழக்கில் உண்டு. பொழுது புலருமுன்னே திறக்கும் கடைகளும், நள்ளிரவு கடந்தும் மூடாத கடைகளும் உள.

கஞ்சி காய்ச்சுதல் எவர்க்கும் இயலும் என்று தோன்றலாம். ஆயினும் கன்ரனியக் கஞ்சியின் பதம் எளிதிற் கைவருவதன்று. அரிசியைக் கழுவிச் சிறிது உப்பும் எண்ணெயும் பிசறி ஊறவைப்பர். ஒரு பங்கு அரிசிக்குப் பத்து முதற் பன்னிரண்டு பங்கு நீர் வேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலம் அது கொதித்தல் வேண்டும். அரிசியிலுள்ள மாப்பொருள் மணிகள் ஏறக்குறைய 60 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பின்னர் வெடித்து உள்ளீட்டை நீரிற் கலக்கின்றன. கொதியின் அசைவு மேலும் மேலும் அவற்றைக் குலைக்க, ஈற்றில் நீர் வேறு, அரிசி வேறு என்று பிரித்தறிய முடியாத வழுவழுப்பான பதம் உண்டாகின்றது. அடிப்பிடித்தால் பாத்திரம் முழுவதும் புகைநாற்றம் ஏறிவிடுமாதலால் சமையற்காரர் துடுப்பை விட்டு அகலார். பன்றியெலும்பு, உலர்ந்த சிப்பித்தசை, சோயா அவரைப் பாலின் ஆடையை உலர்த்தி எடுத்த ஏடு என்பவற்றுட் சிலவற்றைச் சேர்த்துக் காய்ச்சுவதும் உண்டு. அவை சுவையையும் பால்போன்ற வெண்மையையும் தரும்.

சீனர் யாவரும் இப்பதத்தையே விரும்புவர் என்று கொள்ளலாகாது. கன்ரனியருக்கு அயலவரான தியோச்சியூ மக்கள் பருக்கை பருக்கையாகத் தெரியும் கஞ்சியைத் தனியே வார்த்து, உப்பிட்ட காய்கறி, மீன் முதலியவற்றைத் துணையாகக் கொண்டு உண்பர். 1792 ஆம் ஆண்டில் சமையல் நூலொன்றை வெளியிட்ட யுவான் மெய் என்னும் சீனப் புலவர், நீரும் அரிசியும் ஒன்றுபடுவதே கஞ்சியின் இலக்கணம் எனக் கொண்டவர். அதில் இறைச்சி கலப்பதை அவர் விரும்பவில்லை. கன்ரனியர் அவருடைய இலக்கணத்தின் முற்பாதியை ஏற்றனர், பிற்பாதியைக் கைவிட்டனர்.

கைவிட்டதன் பயனே அக்கடைகளிற் காணப்படும் கஞ்சி வகைகள். அவற்றுள் ஒன்று, பச்சை மீனையோ இறைச்சியையோ மெல்லிய துண்டுகளாக அரிந்து, கொதிக்கும் கஞ்சியிலிட்டு நொடிப்பொழுதிற் சமைப்பது. கெட்டியான கஞ்சி நீரைப்போல விரைவில் ஆறுவதில்லை. நீருள் வெப்பம் சுழன்று எழுந்து மேற்பரப்பால் வெளியேறும். தடித்த கஞ்சியில் அச்சுழற்சி தடைப்படுகின்றது. அதனால் தாள்போல அரிந்த மீன் மென்மை கெடாமல் வெந்துவிடும். உண்பவர் நாவைச் சுட்டுக்கொள்வதற்குக் காரணமும் அதுவே. மீனின் கவிச்சையைப் போக்க நூல்போல அரிந்த இஞ்சியும், வெங்காயத் தாளும், வெண்மிளகுத் தூளும் சேர்ப்பர்.

மற்றொன்று, பதப்படுத்திய வாத்து முட்டையும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் கலந்தது. முட்டையைச் சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, தேயிலை கலந்த குழம்பால் மூடிப் பல வாரம் வைப்பர். காரத்தின் வேகத்தால் வெண்கரு தேநீர் நிறப் பாகுபோல உறையும், மஞ்சட்கரு கரும்பச்சையாகும். ஆயிரமாண்டு முட்டை என்று பிறர் அழைப்பது வெறும் வேடிக்கைப் பெயரே.

'தோணிக் கஞ்சி' எனப்படுவது குவாங்சௌ நகரின் லிச்சிக் குடாவிற் சிறு படகுகளில் வைத்து விற்கப்பட்டது. மீன், இறால், கணவாய், வறுத்த நிலக்கடலை என்பன அதிற் சேரும். படகுகள் மறைந்தன, பெயர் கரையேறிக் கடைகளில் நிலைத்துவிட்டது.

இன்னொரு கஞ்சியின் பெயர் 'தேர்வில் தேறியோர் கஞ்சி' எனப் பொருள்படும். மாமன்னரின் அரசாங்கத் தேர்வு 1905 ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும் வரை, வறியவன் மகன் உயர்பதவி அடைவதற்கு அதுவே பெருவாயிலாக இருந்தது. குவாங்டொங் மாகாணத்தவரான லுன் வென்சு என்பவர் 1499 ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டின் முதல்வராகத் தேறினார். அவர் இளமையில் வறுமையுற்று வாடியபோது, கஞ்சி விற்பவரொருவர் எஞ்சிய பன்றியீரல் முதலிய உறுப்புக்களை இட்டு நாள்தோறும் கஞ்சி வார்த்தார் என்றும், பதவி பெற்றபின் அவர் அதை மறவாமல் அக்கஞ்சிக்கு இப்பெயரைச் சூட்டினார் என்றும் கதை வழங்குகின்றது. தேர்வு உண்மை, கதை செவிவழி வந்தது. எனினும், பசித்த மாணவனுக்கு ஒரு வேளை உணவு ஈதல் எத்துணைப் பெரிய அறம் என்பதைத் தலைமுறைகள் பல ஒரு கஞ்சியின் பெயரிலேயே போற்றி வைத்துள்ளன.

கஞ்சிக்குத் துணையாவது எண்ணெயிற் பொரித்த நீண்ட கோதுமைப் பலகாரம். அதன் பெயருக்கு 'எண்ணெயிற் பொரித்த பேய்' என்பது பொருள். 1142 ஆம் ஆண்டில் யுவே ஃபெய் என்னும் தளபதி கொல்லப்படச் சூழ்ச்சி செய்த அமைச்சர் சின் ஹுய் மீதும் அவர் மனைவி மீதும் கொண்ட வெறுப்பால், இரு மாத்துண்டுகளை ஒட்டி எண்ணெயிலிட்டுப் பொரித்தனர் மக்கள் என்று ஐதிகம் கூறும். அப்பலகாரத்தைப் பிய்த்துக் கஞ்சியிற் தோய்த்து உண்பர். அதனை அரிசிமா ஆவித்தாளிற் சுருட்டிச் சோயாச் சாறூற்றி உண்பதும் உண்டு. மொறுமொறுப்பும் வழுவழுப்பும் ஒரே வாயிற் கூடும்போது வெறுங் கஞ்சியும் நிறைவான உணவாகின்றது.

இக்கடைகளை மதிப்பிடும்போது பஞ்சத்தை மறத்தலாகாது. பஞ்ச காலங்களிற் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு ஊற்றுதல் சீன அரசுகளின் பழைய கடமையாயிருந்தது. 1941 ஆம் ஆண்டு டிசெம்பர் 25 ஆம் திகதி ஹொங்கொங் யப்பானியர் வசமானது. அதன்பின் பங்கீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த அரிசி ஏறக்குறைய 240 கிராம் மாத்திரமே. பின்னர் அதுவும் நின்றது. ஏறக்குறைய 16 இலட்சமாயிருந்த குடித்தொகை 1945 இல் 6 இலட்சமாகக் குறைந்தது. பிடியரிசியைப் பலருக்குப் பங்கிடும் வழி நீரைப் பெருக்குவதே என்பதைப் பசியறிந்த மக்கள் யாவரும் அறிவர். குறையை மறைக்கப் பெருக்கிய நீரையே சுவையாக்கியது கன்ரனியரின் கைத்திறன்.

அத்திறன் இன்று வேறொரு நெருக்கடியை எதிர்நோக்குகின்றது. விடியலில் வருவோருக்குக் கஞ்சி வேண்டுமானால், சமையற்காரர் நள்ளிரவு கழிந்ததும் அடுப்பு மூட்டல் வேண்டும். கஞ்சியின் விலையோ ஏழைக்கும் எட்டுவதாயிருத்தல் வேண்டும். ஹொங்கொங்கிற் கடைவாடகை உலகின் மிக உயர்ந்த வாடகைகளுள் ஒன்று. உழைப்பு மிகுதி, வருவாய் குறைவு என்றால் பிள்ளைகள் தந்தையின் துடுப்பைக் கையேற்கத் தயங்குவது இயல்பே.

ஒரு கடை மூடப்படும்போது மறைவது கஞ்சி மாத்திரமன்று. அறியாதவனுக்கு அருகில் இடம்விட்டு அமரும் பழக்கமும், குறைந்த காசுடன் வந்தவனும் தலைநிமிர்ந்து உண்ணும் இடமும் அதனுடன் மறைகின்றன. கஞ்சி என்னும் சொல்லை உலகுக்கு ஈந்தோருள் நாமும் அடங்குவோம். அச்சொல்லை இகழ்ச்சிக் குறிப்போடு ஆளுமுன், அதனைத் தொழிலாகவும் கலையாகவும் போற்றி வந்த மக்களை நினைத்தல் தகும்.