தாழ்த்தும் சுருள்வில் (கார்)

தாழ்த்தும் சுருள்வில் என்பது காரின் உடற்பகுதியைச் சாலைக்கு நெருக்கமாக இறக்குவதற்காக, தொழிற்சாலையில் பொருத்தி வந்த சுருள்வில்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்தப்படும் குட்டையான, விறைப்பு மிகுந்த சுருள்வில் ஆகும். பட்டறைகளில் இது ‘லோயரிங் ஸ்பிரிங்’ எனப்படுகிறது. கார் தயாரிப்பாளர் அல்லாத தனி நிறுவனங்களே இவற்றைப் பெரும்பாலும் செய்து விற்கின்றன. ஜெர்மனியின் ஐபாக், எச் அண்ட் ஆர் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. காரை 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறக்குவது வழக்கம்.

நோக்கம்

கார் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் மீதுள்ள சுமையில் ஒரு பங்கு வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. இந்த மாற்றம் ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ள காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால் சுமை மாற்றம் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறையும். ஓட்டுபவர் உணரும் வேறுபாட்டில் பெரும்பங்கு சுருள்வில்லின் விறைப்பினால் வருவது. சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் குறைந்து கார் அழகாகத் தெரிகிறது என்பதே பலர் இதை நாடுவதற்கு உண்மையான காரணம்.

இயற்பியல்

ஹூக் விதிப்படி சுருள்வில் அமுங்கும் தொலைவு அதன் மீதுள்ள விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விசையை அத்தொலைவால் வகுத்துக் கிடைப்பது சுருள்மாறிலி. ஒரு முன்சக்கரச் சுருள்வில் 3000 நியூட்டன் சுமையைத் தாங்குவதாகக் கொள்வோம். அதன் இயல்பு நீளம் 350 மில்லிமீட்டர், சுருள்மாறிலி மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் எனில், அது 150 மில்லிமீட்டர் அமுங்கி 200 மில்லிமீட்டர் நீளத்தில் நிற்கும். காரை 30 மில்லிமீட்டர் இறக்க வேண்டுமானால் அதே சுமையில் நீளம் 170 ஆக வேண்டும். மேடுபள்ளத்தில் சக்கரம் மேலேறுவதற்கான இடமும் அதே 30 மில்லிமீட்டர் குறைந்துவிடுவதால், பழைய விறைப்பே போதாது. ஒவ்வொரு குழியிலும் தொங்கமைப்பு அடித்தடையில் போய் மோதும். ஆகவே சுருள்மாறிலியை 25 ஆக்குகிறார்கள். அமுக்கம் 120 ஆகக் குறைய, இயல்பு நீளம் 290 மில்லிமீட்டர் ஆகிறது. கார் இறங்கியது 30 மில்லிமீட்டர்; சுருள்வில் குட்டையானதோ 60 மில்லிமீட்டர்.

சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது சுருள்வில்லுக்குக் கிடைக்கும் இடத்தைத் தீர்மானிப்பது அதிர்வேற்பியின் நீளம். அந்த இடம் 290 மில்லிமீட்டர் என்றால், பழைய சுருள்வில் அந்நிலையிலும் 60 மில்லிமீட்டர் அமுங்கியே இருக்கும். புதியதோ சற்றும் அமுங்காமல் வெறுமனே நிற்கும். சுருள்மாறிலியை 30 ஆக்கினால் இயல்பு நீளம் 270தான். 20 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்து, சுருள்வில் தன் இருக்கையை விட்டு நகரக்கூடும். இதைத் தவிர்க்க நீளம் குறைந்த அதிர்வேற்பியைச் சேர்த்துப் பொருத்துவர். அல்லது ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாகச் சுற்றப்பட்ட வகையைப் பயன்படுத்துவர். அந்த நெருக்கச் சுருள்கள் சுமை ஏறியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுமை நீங்கியதும் விரிந்து இடைவெளியை நிரப்பும்.

பழைய சுருள்வில்லையே அறுத்துக் குட்டையாக்குவது மலிவான வழி, ஆபத்தானதும்கூட. ஆறு சுருள்களில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 விழுக்காடு கூடும் என்பது சரிதான். ஆனால் அறுபட்ட முனை இருக்கையில் பொருந்தாது. தொங்கும் நிலையில் சுருள்வில் கழன்றுவிடலாம். நெருப்பில் காட்டித் தளரவைப்பது இன்னும் மோசம். எஃகுக்கு ஏற்றிய பதம் போய்விடும்.

பொருத்தும் முறை

மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை முன்தொங்கமைப்பில் சுருள்வில்லும் அதிர்வேற்பியும் ஒரே தொகுதியாக இருக்கும். காரை ஜாக்கியால் தூக்கி, தாங்கிகளின் மீது நிறுத்தியபின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் வேலை செய்யக்கூடாது. பிரேக் குழாயையும் உணரிக் கம்பியையும் விடுவித்து, கீழ்ப் போல்ட்டுகளையும் மேலே உடலோடு இணைக்கும் நட்டுகளையும் கழற்றினால் தொகுதி வெளியே வரும்.

உயிருக்கே ஆபத்தான கட்டம் இதன் பிறகுதான். தொகுதியின் உச்சியிலுள்ள நடு நட்டுதான் சுருள்வில்லை அடக்கி வைத்திருக்கிறது. மேற்கண்ட கணக்கில் 60 மில்லிமீட்டர் அமுக்கம் என்பது 1200 நியூட்டன் விசை, அதாவது சுமார் 120 கிலோகிராம் எடைக்குச் சமம். அமுக்குக் கருவியை இரு பக்கமும் எதிரெதிராக மாட்டி, சுருள்வில் இருக்கையிலிருந்து தளரும்வரை சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்கியபின்பே அந்த நட்டைத் தொட வேண்டும். முன்னதாகக் கழற்றினால் மேல்தகடு வெடித்ததுபோல் எகிறும். கருவி மாட்டியிருக்கும்போது சுருள்வில்லின் முனைக்கு நேராக முகத்தை வைக்கலாகாது. புதிய சுருள்வில் குட்டை என்பதால் பெரும்பாலும் கையாலேயே உள்ளே அமர்ந்துவிடும். அதன் முனை கீழ் இருக்கையின் பள்ளத்தில் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்து, புதிய நட்டை டார்க் ஸ்பேனரால் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்க வேண்டும்.

பின்பக்கத்தில் சுருள்வில்லும் அதிர்வேற்பியும் தனித்தனியே உள்ள கார்களில் வேலை எளிது. ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை மட்டும், சக்கரங்கள் தரையில் நின்று கார் புதிய உயரத்துக்கு வந்தபின் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து விரைவில் கிழியும். உயரம் மாறியதால் சக்கரங்களின் சாய்வும் மாறியிருக்கும். வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால் டயர் ஓரங்கள் தேயும். முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிசெய்தல் வேண்டும்.

ஜெர்மனியில் சட்டநிலை

ஜெர்மனியில் இம்மாற்றம் தடைசெய்யப்பட்டதன்று. ஆனால் சாலைப் போக்குவரத்து அனுமதி விதிமுறையின் 19ஆம் பிரிவுக்கு உட்பட்டது. பொதுவாகச் சுருள்வில்லோடு வரும் தொழில்நுட்ப மதிப்பீட்டு ஆவணத்தைக் காட்டி, டியூஃப், டெக்ரா போன்ற அமைப்புகளின் பரிசோதகரிடம் காரைச் சோதித்துச் சான்று பெறவேண்டும். பெறாவிட்டால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாததாகலாம். பரிசோதகர் சுருள்வில்லின் மேல் அச்சிட்ட எண்ணை ஆவணத்தோடு ஒப்பிடுவார் என்பதால், அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியும் பக்கமாக வருமாறு பொருத்துவது அங்குள்ள பட்டறைகளின் பழக்கம்.