ஒரு சிங்கி இறால்... நான்கு சாண்ட்விச்!



கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பிறந்தநாள் என்று வீட்டில் விசேஷம் வந்தால், "சாப்பிட என்ன ஸ்பெஷல்?" என்றுதானே முதலில் கேட்பீர்கள்? நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடல் தரும் ஒரு ராஜ விருந்தை இன்று செய்து பார்க்கலாமா? அதுதான் சிங்கி இறால் சாண்ட்விச்!

சாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். 18-ம் நூற்றாண்டில் ஜான் மான்டேகு என்ற பிரபு இருந்தார். 'சாண்ட்விச் பிரபு' என்பது அவரது பட்டம். சாப்பாட்டு மேசைக்குப் போக நேரமில்லாமல், இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொல்வாராம். அவருடைய பட்டமே அந்த உணவுக்கும் பெயராகிவிட்டது!

மீசைக்கார இறால்

குளச்சல், முட்டம், கடியபட்டணம் கடற்கரைகளில் பாறைகள் அதிகம். அந்தப் பாறை இடுக்குகளில்தான் சிங்கி இறால் குடியிருக்கும். பகலில் ஒளிந்திருந்து, இரவில் இரை தேடி வெளியே வரும். உடம்பு முழுவதும் கெட்டியான ஓடு, தலையில் முட்கள், சாட்டை போல நீண்ட இரண்டு மீசைகள்... பார்க்கவே கம்பீரமாக இருக்கும். அமெரிக்கச் சிங்கி இறாலுக்கு நண்டு போலப் பெரிய கொடுக்குகள் உண்டு. நம் ஊர்ச் சிங்கிக்கு அவை கிடையாது.

இதன் விலை மிக அதிகம். பெரும்பாலும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிவிடும். 400 கிராம் எடையுள்ள சிங்கியில் ஓடும் தலையும் போக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சதை. வறுத்து வைத்தால் ஒருவருக்கே போதாது. சாண்ட்விச் செய்தால் நான்கு பேர் பகிர்ந்து உண்ணலாம்!

கடையில் இரண்டு கேள்வி

வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, எடை எவ்வளவு? நம் பகுதியில் அதிகம் கிடைக்கும் சிங்கி வகையில் 200 கிராமுக்குக் குறைந்தவற்றை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு 2003-ல் விதி கொண்டுவந்தது. நாமும் அதைவிடச் சிறியதை வாங்க வேண்டாம்.

இரண்டு, சினை இருக்கிறதா? வாலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது தாய்ச் சிங்கி. அதையும் வாங்க வேண்டாம்.

சிங்கி கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். சாதாரண இறாலிலும் இதே சாண்ட்விச்சைச் செய்யலாம்.

தேவையான பொருட்கள் (நான்கு பேருக்கு)

சிங்கி இறால் - 1 (400 கிராம்) அல்லது உரித்த இறால் - 125 கிராம்
ரொட்டித் துண்டுகள் - 8
வேக வைத்த முட்டை - 2
பல்லாரி - சிறியது 1
வெண்ணெய் - 3 மேசைக்கரண்டி
கெட்டித் தேங்காய்ப்பால் - 2 மேசைக்கரண்டி
நல்லமிளகுத் தூள் - அரை தேக்கரண்டி
எலுமிச்சை - பாதி
கறிவேப்பிலை, உப்பு - தேவைக்கு

செய்முறை

1. சிங்கியின் தலையையும் வாலையும் கடையிலேயே பிரித்து வாங்குங்கள். தலையை வீசிவிடாதீர்கள், குழம்பில் போட்டால் மணக்கும்.

2. உப்புப் போட்ட கொதிநீரில் வாலை 6 அல்லது 7 நிமிடம் வேக வைக்க வேண்டும். உரித்த இறாலுக்கு 3 நிமிடம் போதும். கண்ணாடி போலிருக்கும் சதை வெள்ளையாக மாறினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் வெந்தால் ரப்பர் போலாகிவிடும்! அடுப்பு வேலை பெரியவர்களுடையது.

3. ஆறியதும் ஓட்டை நீக்கி, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை எடுத்துவிட்டு, சதையைச் சிறு துண்டுகளாக்குங்கள்.

4. ஒரு கரண்டி வெண்ணெயில் பொடியாக நறுக்கிய பல்லாரி, கறிவேப்பிலையை வதக்கி, சதை, நல்லமிளகுத் தூள், உப்பு, தேங்காய்ப்பால் சேர்த்துக் கெட்டியாகும்வரை கிளற வேண்டும்.

5. இறக்கிய பிறகு முட்டையை உதிர்த்துப் போட்டு, எலுமிச்சைச் சாறு பிழியுங்கள்.

6. மீதி வெண்ணெயை ரொட்டியில் தடவி, கலவையை நடுவில் வைத்து மூடுங்கள். தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சுட்டு எடுத்தால் சாண்ட்விச் தயார்!

சூடாகவே சாப்பிட்டுவிட வேண்டும். மதியத்துக்கு என்று டிபன் பாக்ஸில் அடைத்து வைக்கக் கூடாது, கெட்டுவிடும். இறால், நண்டு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பில் தடிப்பு வரும், மூச்சுத் திணறல்கூட வரலாம். அப்படிப்பட்ட நண்பனுக்கு முட்டை சாண்ட்விச்சைத் தனியாகச் செய்து கொடுங்கள்.

ஏன் சிவக்கிறது?

பச்சையும் பழுப்புமாக இருந்த ஓடு, வெந்ததும் சிவந்துவிடுகிறதே, கவனித்தீர்களா? சிவப்பு நிறமி முன்பே ஓட்டில் இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு நிறத்தை மறைக்கிறது. சூடு பட்டதும் புரதம் பிடியை விட்டுவிடும். சிவப்பு வெளியே தெரியும்!

தாயை விடுவோம்!

ஒரு தாய்ச் சிங்கி லட்சக்கணக்கில் முட்டைகளைச் சுமக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் மெல்லிய கண்ணாடி இலை போலிருக்கும். மாதக்கணக்கில் அவை கடலில் மிதந்து திரியும். வழியில் மற்ற உயிரினங்களுக்கு இரையாகி, மிகச் சில குஞ்சுகளே பிழைத்து வளரும். சினையோடு ஒரு தாயைப் பிடித்தால் அத்தனையும் போய்விடும். குட்டிச் சிங்கியைப் பிடித்தால், அது ஒருமுறைகூட முட்டையிடாமலே போய்விடும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிங்கி இறால் ரொட்டி மிகவும் பிரபலம். அங்கே மீனவர்கள் பிடித்த ஒவ்வொரு சிங்கியையும் அளவுகோல் வைத்து அளப்பார்கள். சிறியது என்றால் கடலுக்கே திரும்பப் போகும். சினையுள்ள தாய் சிக்கினால், வாலில் சிறு வெட்டு அடையாளம் போட்டு விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் உள்ளதை வேறு யார் பிடித்தாலும் மறுபடி விட்டுவிட வேண்டும். அது அங்கே சட்டம்.

நம் கடையிலும் யாரும் கேட்டு வாங்காவிட்டால், குட்டிச் சிங்கியைப் பிடித்து வருபவருக்கும் லாபம் இருக்காது. ஆகவே, குழந்தைகளே, அந்த இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். இன்று நாம் கடலில் விட்டுவைக்கும் தாய்தான், நாளை உங்கள் தம்பி தங்கைகளின் விசேஷத்துக்கும் விருந்து தரப்போகிறாள்!