கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்களை எங்கே அழைத்துப் போகலாம்? பழவேற்காடு இருக்கே!

மீஞ்சூர்: முகூர்த்த மாதம் பிறந்தால் அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் மண்டபம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மதுரை, நெல்லை, கோவை என்று வெளியூர்களில் இருந்து உறவினர்கள் வந்து இறங்குகிறார்கள். காலையில் தாலி கட்டியாச்சு, 10 மணிக்கு பந்தியும் முடிந்தாச்சு. ஊருக்குப் போகிற ரெயில் ராத்திரிதான். அதுவரைக்கும் என்ன செய்வது? மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்து தூங்க வேண்டியதுதானா?

“இதுதான் சிட்டிசன் படத்துல வர்ற ஊரா?” என்று கேட்காத விருந்தாளி கிடையாது. 2001-ல் வந்த அஜித் படத்தில் காணாமல் போனது அத்திப்பட்டி. நம்ம அத்திப்பட்டு அனல் மின் நிலையப் புகையோடு அப்படியேதான் இருக்கிறது. புகைபோக்கியைக் காட்டிவிட்டு அடுத்து காட்ட ஒன்றுமில்லை என்று பலரும் சென்னை மாலுக்கு வண்டி பிடிக்கிறார்கள். மால் எல்லா ஊரிலும் இருக்கிறது. பழவேற்காடு இங்கே மட்டும்தான்.

போவது எப்படி?

அத்திப்பட்டில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரெயில் ஏறினால் நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டி பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. சுமார் 20 கிலோ மீட்டர் தூரம். ஆள் அதிகம் என்றால் வேன்தான் வசதி. பெண்கள், குழந்தைகள் பொன்னேரியிலேயே கழிவறைக்குப் போய்விட்டு கிளம்புவது நல்லது. மதிய வெயிலில் ஏரிக்கரையில் நிற்க முடியாது. 3 மணிக்கு மேல் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.

சென்னைக்கும் முந்தைய கோட்டை

இங்கிலீஷ்காரன் சென்னைக்கு வந்தது 1639-ல். அதற்கு 26 வருஷம் முன்பே, 1613-ல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் ‘கெல்ட்ரியா’ என்ற கோட்டையைக் கட்டிவிட்டார்கள். சோழமண்டலக் கடற்கரை முழுவதும் அவர்களுக்கு இதுதான் தலைமை இடம். 1690-ல்தான் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இப்போது கோட்டையைத் தேடிப் போனால் புதர்தான் இருக்கும். ஏமாந்து போகாதீர்கள். பார்க்க வேண்டியது டச்சுக் கல்லறை.

தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கும் இந்த இடத்தின் வாசலிலேயே எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும். பொடிசுகள் பயந்து பிறகு செல்போனில் படம் எடுக்கும். உள்ளே கோபுரம் போல உயர்ந்த சமாதிகள், பூவேலை செய்த கல் பலகைகள், புரியாத டச்சு எழுத்துகள். வியாபாரிகள், கப்பல்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இங்கேதான் அடக்கம். வந்த இடத்திலேயே செத்த வெள்ளைக்காரர்களுக்கு இத்தனை பெரிய கல். ஆனால் இதே துறைமுகத்தில் இருந்து நம்ம ஜனங்களை அடிமைகளாக ஜாவா தீவு வரைக்கும் கப்பல் ஏற்றினார்கள். அவர்களுக்கு ஒரு கல்கூட கிடையாது. விருந்தாளிகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதி. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு ‘பெலிகாட்’ என்று பெயர். அது பழவேற்காட்டின் பழைய ஆங்கிலப் பெயரில் இருந்து வந்தது. அந்த அளவுக்கு இங்கிருந்து துணி போயிருக்கிறது.

இறாலும் நண்டும்

கல்யாணப் பந்தியில் சாம்பார், வத்தக்குழம்பு, பாயசம் என்று சாப்பிட்டு நாக்கு செத்துப் போனவர்களுக்கு பழவேற்காடு சொர்க்கம். ஏரி இறால், சேற்று நண்டு, மடவை, கொடுவா என்று எல்லாம் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம் ஆச்சே, வைகாசி முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். தடை கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்குத்தான். ஏரியில் சின்னப் படகில் வலை போடுகிறவர்கள் பிடிப்பது அப்போதும் வரும். கடையில் உட்காருவதற்கு முன் விலையைக் கேட்டுவிடுங்கள். நண்டு விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். வெளியூர் முகம் என்று தெரிந்தால் ரேட்டு தனி.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வந்தால் பூநாரைகளைப் பார்க்கலாம். தூரத்தில்தான் தெரியும். பனை ஓலையில் பின்னிய கூடை, பெட்டி வாங்கிப் போகலாம். வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க அழகாக இருக்கும்.

படகு மட்டும் வேண்டாம்!

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் லீவு. பழவேற்காட்டுக்கு உல்லாசமாக வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். பலரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தபந்தம். குழந்தைகளும் அதில் உண்டு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது, மிதவை ஜாக்கெட் இல்லாதது என்று பிறகு எல்லோரும் பேசினார்கள். அதன்பின் சுற்றுலா படகு சவாரிக்கு தடை போடப்பட்டது. அப்படியும் கரையில் நின்றால் “ஒரு ரவுண்டு போலாமா?” என்று யாராவது கூப்பிடலாம். மாமா, மச்சான், சித்தப்பா என்று 20 பேர் கூட்டமாகப் போகும்போது “எல்லோரும் ஒரே படகுல ஏறுவோம்” என்று தோன்றும். அந்த ஆசைதான் ஆபத்து. முகத்துவாரம் பக்கம் குளிக்கவும் விடாதீர்கள். அங்கே ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் இழுக்கும் வேகம் மேலே தெரியாது. சரக்கு போட்டவர்களை வேனிலேயே உட்கார வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரா என்று பார்க்க வேண்டாம்.

கோவில் கேட்கும் பெரியவர்கள்

அவ்வளவு தூரம் வேண்டாம் என்கிற பாட்டிமார்களுக்கு மீஞ்சூர் பக்கம் மேலூர் திருவுடையம்மன் கோவில் இருக்கிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயல் கொடியிடையம்மன் இரண்டையும் சேர்த்து பவுர்ணமி அன்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் கும்பிடுகிறவர்கள் உண்டு. பழவேற்காடு வழியிலேயே திருப்பாலைவனம் சிவன் கோவில் வரும். வேனை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ராத்திரி எழும்பூர், சென்ட்ரலில் ரெயில் பிடிக்கிறவர்கள் 6 மணிக்குள் பழவேற்காட்டை விட்டு கிளம்பிவிட வேண்டும். நேரம் மிச்சம் இருந்தால் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பக்கம் ஒரு தட்டு அத்தோ, கூடவே வாழைத்தண்டு சூப். நெல்லைக்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். அப்புறம் இன்னொரு தட்டு கேட்பார்கள்.