மலையடிவாரத்துச் சங்கடி

திருப்பதி போய்த் திரும்பியவரிடம் அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. "லட்டு எங்கே?" என்றுதான் கேட்போம். வேலை மாற்றலாகிச் சித்தூருக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். வேலூரிலிருந்து சித்தூருக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும். கடைத்தெருவில் தமிழ் செல்லும். அதனால் மூட்டை கட்டும்போது வெளியூருக்குப் போகிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அந்த நினைப்பு முதல் நாள் மத்தியானம் ஒரு மெஸ்ஸில்தான் வந்தது.

"அன்னமா, சங்கடியா ணா?" என்றார் பரிமாறியவர். சித்தூர்க்காரர்கள் 'அண்ணா'வில் பாதியைத்தான் வாய்க்கு வெளியே விடுவார்கள். 'புஷ்பா' படத்தைத் தெலுங்கிலேயே பார்த்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரிந்திருக்கும்.

சங்கடி என்றேன். கைக்கு அடங்காத கரும்பழுப்பு ராகி உருண்டை ஒன்று தட்டில் இறங்கியது. அதன் தலையில் ஒரு குழி, குழியில் நெய், பக்கத்தில் நாட்டுக்கோழிப் புலுசு. ஒரு வாய் எடுத்து மென்றேன். பல்லில் ஒட்டிக்கொண்டது. இன்னும் மென்றேன், இன்னும் ஒட்டிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "மெல்லக் கூடாது சார். கிள்ளி, புலுசுல புரட்டி, அப்படியே முழுங்கிடணும்" என்றார் தமிழில். முழுங்கினேன். கோழிக் குழம்பின் காரத்தை ராகி தாங்கிப் பிடித்துத் தொண்டையில் இறக்கிவிட்ட விதம் அப்போதுதான் புரிந்தது. பற்களுக்கு அங்கே வேலையில்லை.

சங்கடி செய்வதை வீட்டுக்கார அக்கா சொல்லிக் கொடுத்தார். அரிசியையோ நொய்யையோ முதலில் குழைய வேகவைக்கவேண்டும். அதன் நடுவில் ராகி மாவைக் குவித்துக் கொட்டி, கிளறாமல் மூடிவிடவேண்டும். இந்தக் 'கிளறாமல்' என்பதில்தான் கற்றுக்குட்டிகள் தோற்கிறார்கள். கை சும்மா இருக்காது. மாவு ஆவியில் வெந்ததும் பானையை இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு, நீளமான மரக்கட்டையால் தோள் வலிக்கக் கிண்டவேண்டும். கட்டி தட்டினால் மாமியார் பேச்சு வாங்கவேண்டும். கிண்டியது சூடாக இருக்கும்போதே கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டிவிடவேண்டும். கர்நாடகத்து ராகி முத்தேயில் பெரும்பாலும் அரிசி சேராது. சித்தூரையும் உள்ளடக்கிய ராயலசீமையின் சங்கடியில் அரிசி உண்டு. அந்த ஒரு பிடி அரிசிதான் அதை மெத்தென்று ஆக்குகிறது.

எனக்கு வியப்பாக இருந்தது ருசிகூட அல்ல. அங்கே சங்கடி ஒரு விருந்து. சம்பந்தி வந்தால் சேவல் அடித்துச் சங்கடி கிண்டுகிறார்கள். நான் வளர்ந்த வீட்டில் கேழ்வரகு ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழாக வரும். மற்ற நாட்களில் சர்க்கரை நோய்க்காரருக்கு மருந்தாக வரும். விருந்தாளியின் இலைக்கு வரவே வராது. கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம். அவர்கள் களியைக் கைவிட்டவர்கள் அல்ல என்று எனக்கும் தெரியும். நான் சொல்வது அரிசிச் சோறு தின்று வளர்ந்த கிழக்குப் பக்கத்தை.

சித்தூர்ப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் ஒரு காலத்தில் ஒரே மாவட்டம். வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்களையும் கடப்பையிலிருந்து சிலவற்றையும் பிரித்து 1911இல் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அந்தப் பக்கம் போனது. வடக்கெல்லைக்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி இங்கே வந்தது, திருப்பதி வரவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதியே தனி மாவட்டமும் ஆகிவிட்டது. மாநில எல்லையைப் பிரித்தபோது மொழியைத்தான் எண்ணினார்கள். பானைக்குள் என்ன வேகிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோடு எங்கெங்கோ வளைந்து போயிருக்கும்.

பிதுக்குப் பருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் மொச்சை வந்துவிட்டால் சித்தூர் வீடுகளில் ஊறவைத்த கொட்டைகளை முறத்தில் கொட்டிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி விழும். அவர்கள் 'பிதிக்க பப்பு' என்கிறார்கள். வேலூரில், திருப்பத்தூரில், கிருஷ்ணகிரியில் அதே பருவத்தில் அதே வேலை நடக்கிறது, அதே பெயரில். தஞ்சாவூர்க்காரருக்கு இந்தப் பெயர் விளங்காது. எல்லைக்கு அப்பால் இருக்கும் சித்தூர் அக்காவுக்கு விளங்கும்.

வேர்க்கடலையும் அப்படித்தான். வட ஆற்காட்டில் நாம் மல்லாட்டை என்போம், அங்கே செனிக்காய. மழை ஏமாற்றும் பூமியில் விளைவது அதுதான் என்பதால் தேங்காய் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் அது உட்கார்ந்திருக்கிறது. இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி, சங்கடிக்குக் கொஞ்சம் கெட்டியாக அதே சட்னி, கத்தரிக்காய்க்குள் அடைக்க வறுத்துப் பொடித்த அதே கடலை. முதல் மாதம் தேங்காய்ச் சட்னிக்கு ஏங்கினேன். மூன்றாம் மாதம் சென்னைக்குப் போனபோது தேங்காய்ச் சட்னி வெறும் தண்ணீராகத் தெரிந்தது. கடப்பையிலிருந்து வந்து சித்தூரில் குடியேறிவிட்ட காரம் தோசையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு அலுவலகக் கூட்டத்தில் போய் உட்காராதீர்கள்.

இனி மலைக்கு ஏறலாம். திருமலையில் சமையற்கட்டுக்குப் 'போட்டு' என்று பெயர். நம் ஊர் மடைப்பள்ளிதான். லட்டுக்கான பொருள் அளவைத் 'திட்டம்' என்கிறார்கள். 5,100 லட்டுக்கு 180 கிலோ கடலை மாவு, 400 கிலோ சர்க்கரை, 165 கிலோ நெய் என்று கணக்குப் போகிறது. 2009இல் லட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் வருவது திருப்போனகம் என்ற சோற்றுப் படையலும் அப்பமும் அதிரசமும் சுகியனும்தான். லட்டு பின்னால் வந்த பிள்ளை. ராகி அந்தப் படிகளில் ஏறியதாக நான் எங்கும் பார்க்கவில்லை.

ராகி கீழேயே நின்றுவிட்டது, கங்கம்மாவோடு. திருப்பதி ஊருக்குள் தாத்தய்யகுண்டா கங்கம்மா இருக்கிறாள். ஏழுமலையானுக்குத் தங்கை என்பது ஊரார் நம்பிக்கை. மே மாதம் அவளுக்கு ஜாத்ரை. அண்ணன் வீட்டுச் சீராக மலையிலிருந்து புடவையும் மஞ்சள் குங்குமமும் இறங்கிவரும். ஆண்கள் நாளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். புடவை கட்டி, மை தீட்டி, பெண்ணாகி வீதியில் வருவார்கள். 'புஷ்பா' இரண்டாம் பாகத்தில் அல்லு அர்ஜுன் நீலம் பூசிப் புடவை கட்டி ஆடியது இந்தக் கங்கம்மாவை வைத்துத்தான். செம்மரக் கடத்தலைக் கதையாகக் கொண்ட அந்தப் படத்தைக் கைதட்டி ரசித்த நமக்கு இன்னொன்றும் நினைவிருக்கவேண்டும். சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுத்து நான் பார்க்கவில்லை.

ஜாத்ரையில் கங்கம்மாவுக்குப் படைப்பது பொங்கலும் அம்பலியும். அம்பலி என்றால் ராகிக் கூழ். வெயிலில் வேஷம் கட்டி அலைந்தவர்களுக்குச் சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். மோரும் சின்ன வெங்காயமும் மிதந்த அந்தக் கூழை நான் வாங்கிக் குடித்தபோது எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் நிற்பதுபோலவே இருந்தது. ஒரே வித்தியாசம், எங்களுக்கு ஆடி, இவர்களுக்கு அக்கினி வெயில்.

ராகி எப்போது பின்வாங்கியது என்று பெரியவர்களைக் கேட்டால் ஒரே பேரைச் சொல்கிறார்கள்: என்.டி.ராமாராவ். 1983இல் ஆட்சிக்கு வந்ததும் கிலோ இரண்டு ரூபாய் அரிசி கொடுத்தார். அதுவரை வெள்ளைச் சோறு பண்டிகைக்குத்தான், மற்ற நாள் சங்கடிதான் என்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1985 ஏப்ரலில், திருமலையில் நித்திய அன்னதானத்தையும் அவரே தொடங்கிவைத்தார். இன்று அது நடக்கும் பெரிய மண்டபத்துக்குத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பிறந்து, மலையில் போய் வாழ்ந்த பெண் கவி அவர். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். சோறு, சாம்பார், ரசம், மோர், சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாக வந்தது. வயிறு நிறைந்தது. பஸ்ஸில் மலை இறங்கும்போது மனசு மட்டும் கோழிப் புலுசை நினைத்தது, பெருமாள் மன்னிக்கவேண்டும்.

இப்போது அந்தப் பக்கத்துக்குப் புதிய அந்நியர்கள் வருகிறார்கள். திருப்பதி மாவட்டத்தின் தென்கோடியில், சென்னையிலிருந்து 55 கிலோமீட்டரில் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் இருக்கிறது. ஜப்பானியர் முன்பே வந்துவிட்டார்கள். 2025 மே மாதம் கொரியாவின் எல்ஜி நிறுவனம் சுமார் 5,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு அங்கே அடிக்கல் நாட்டியது. கொரியர்கள் வந்தால் சங்கடி அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நம்மைவிட அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும் என்றே தோன்றுகிறது. போன அறுவடை நெல் தீர்ந்து, பார்லி விளைவதற்குள் வந்த பஞ்ச மாதங்களை அவர்கள் 'பார்லி மேடு' என்பார்கள். ஏறிக் கடக்கவேண்டிய மேடு. 1960களிலும் 70களிலும் அரிசியை மிச்சம் பிடிக்க, சோற்றில் பார்லி கலந்திருக்கிறதா என்று பள்ளியில் பிள்ளைகளின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள். அந்தப் பார்லிச் சோறு, 'போரிபாப்', இன்று காய்கறிகளோடு கிண்ணத்தில் கலந்து தரப்படும் ஆரோக்கிய உணவாக ஓட்டல்களில் விலைபோகிறது. வறுமைக் காலத் தானியத்தை வெறுத்து, மறந்து, பிறகு காசு கொடுத்துத் தேடும் கதை அவர்களுக்குப் பாடமாகத் தெரியும். புளிச்சக் கீரைக் கோங்கூராவும் கிம்ச்சியும் ஒரே மேசையில் சந்தித்தால் எது முதலில் தீரும் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

நான் சித்தூரிலிருந்து கிளம்பிய சமயம் மாங்காய்ப் பருவம். மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. ஜாம் பாட்டிலுக்கும் மாம்பழ பானத்துக்கும் போகிற தோத்தாபுரி, நம் ஊர்க் கிளிமூக்கு. 2025இல் விலை சரிந்தபோது ஆலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் சேர்த்து கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவிக்கவேண்டி வந்தது. சென்னையில் ஒரு பாட்டில் மாம்பழ பானத்தைக் குடிக்கும்போது இந்த எண்கள் குறுக்கே வந்து நிற்கின்றன.

வீட்டுக்கார அக்கா விடைகொடுக்கும்போது புளியமரத்துக் கட்டையில் கடைந்த சங்கடிக் கோல் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அது என் சென்னை வீட்டுச் சமையலறை மூலையில் துடைப்பத்துக்குத் துணையாகச் சாய்ந்திருந்தது. போன மாதம் பெங்களூரிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்தபோது அதை எடுத்துக் கழுவி, நொய்யை உலையில் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"விருந்தாளிக்குக் களியாடா?" என்றார். பிறகு எனக்குத் தெரியாமல் போய் வடைக்கு உளுந்து ஊறவைத்துவிட்டார்.